ஆர்லோவின் துணை

ஆல்டர் கிரீக், ஐடஹோ
12 ஏப்ரல் 1992

அன்பு மகன் கென்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். பின்லாந்துக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். கம்பளிக் காலுறை அனுப்பியது பெட்டியில் அழகு பார்க்க அல்ல, போட்டுக்கொள்.

உட்கார்ந்துகொண்டு படி. உன்னைப் போல உன் அண்ணனும் மிஷனரி ஆகிவிட்டான்!

சபையின் பழைய வட்டாரத் தலைவர் இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "ஆர்லோவுக்கு ஊழியத்திலிருந்து விலக்கு உண்டு, ஆண்டவர் அவன்கிட்ட எதுவும் கேக்க மாட்டார்" என்றார். நீ விமானம் ஏறிய நாளன்று இவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எங்கிட்ட மட்டும் ஏன் கேக்க மாட்டாராம்? கேக்கச் சொல்லும்மா" என்று அழுதான். அதை உனக்கு நான் எழுதவில்லை. இப்போது வந்திருக்கும் தலைவர் வேறு மாதிரி. ஏழைகளுக்காக உருளைக்கிழங்கு போடும் நம் சபைப் பண்ணையில் வேலை செய்யட்டும், வீட்டிலேயே தூங்கட்டும், மற்றபடி அவனும் ஊழியன்தான் என்று சொல்லிவிட்டார். போன ஞாயிறு தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். இழுக்கும் காலோடு தானே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தான். தலைவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, அப்பாதான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். உன்னுடையதைப் போலவே 'எல்டர் டோல்மன்' என்று எழுதிய கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்தியதும் நான் அழுதுவிட்டேன். இராத்திரி உடுப்பிலும் அதைக் குத்திக்கொண்டுதான் தூங்குகிறான்.

மிஷனரிகள் இரண்டு இரண்டு பேராகத்தானே போகவேண்டும்? இவனுக்குத் துணையாக இளைஞர் யாரும் கிடைக்கவில்லை. வேலை பார்த்த சர்க்கரை ஆலை மூடியதிலிருந்து பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது உன் அப்பாதானே, அவரையே துணையாகப் போட்டார்கள். "பேருக்குத்தான், ரூலன்" என்று தலைவர் அப்பாவிடம் சொன்னார். ஆனால் உன் அண்ணன் எதைத்தான் பேருக்குச் செய்திருக்கிறான்?

அப்பா இப்படி எழுதச் சொல்கிறார்: "என் துணை சீனியர், நான் ஜூனியர். பாத்திரம் கழுவும் முறை எப்போதும் என்னுடையது."

உன் வரவுக்கு ஜெபிக்கும்,
அம்மா


ஓலு, பின்லாந்து
27 ஏப்ரல் 1992

அன்பான அம்மா, அப்பா, மற்றும் எல்டர் ஆர்லோ டோல்மன் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறேன். மூக்கு பத்திரம். ஏரியில் பனி இன்னும் உடையவில்லை, சைக்கிளில் மூன்று முறை விழுந்தேன், எலும்பு எதுவும் போகவில்லை.

கடிதத்தைத் தெருவில் நின்றே படித்தேன். குதித்த குதியில் என் துணை எல்டர் ஸ்பாக்மன், வீட்டில் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துவிட்டான். இந்த ஸ்பாக்மனைப் பற்றிச் சொல்லவேண்டும். அரிசோனாக்காரன், நல்லவன், ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் விசில். ஒருவரை ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் விடக்கூடாது என்ற விதியை எழுதியவர் ஸ்பாக்மனோடு ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கவேண்டும். சில நாள் என் கல்லறையில்கூட இவன் விசில் கேட்கும் என்று தோன்றுகிறது.

இது ஆர்லோவுக்கு, அம்மா சத்தமாக வாசிக்கவும்:

எல்டர் டோல்மன், ஒரு சக ஊழியனாக எழுதுகிறேன். விதிகளிலேயே பெரிய விதி, துணையைவிட்டுப் பிரியாதே என்பதுதான். உன் துணை பழைய கள்ளன், கண்ணசந்தால் நழுவிவிடுவார். விடாதே. அவர் எங்கே ஒளிந்தாலும் பின்னாலேயே போய்ப் பிடித்துவிடு. ஒரு நல்ல மிஷனரி அப்படித்தான் செய்வான்.

மற்றவை அடுத்த வாரம். மூவருக்கும் என் முத்தங்கள்.

கென்ட்


ஆல்டர் கிரீக்
24 மே 1992

கண்ணான கென்ட்டுக்கு,

எல்லோரும் சுகம், உன் அப்பாவின் பொறுமை மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

நீ எழுதியதை ஆர்லோ தினமும் வாசிக்கச் சொல்கிறான். நீ பற்றவைத்தது நன்றாகவே எரிகிறது! பண்ணையில் அப்பா பாசனக் குழாய்களை இடம் மாற்றப் போனால் இவன் காலை இழுத்துக்கொண்டு சேற்றில் பின்னாலேயே போகிறான். அப்பா கண்ணில் படாவிட்டால் உடனே குரல்: "அப்பா, இருக்கியா?" பதில் வரும்வரை கூப்பிடுவான். "இருக்கேன்டா" என்றால் போதும், களை பிடுங்கப் போய்விடுவான். வீட்டிலும் இதே கூத்து. துணைகள் ஒரே அறையில்தான் தூங்கவேண்டுமாம். அதனால் அப்பா இப்போது உன் கட்டிலில். இருபத்தைந்து வருஷம் அவர் குறட்டையைச் சகித்த எனக்குக் கடைசியில் ஊழியத்தின் பலன் கிடைத்துவிட்டது.

நேற்று கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, இருக்கியா?" உள்ளேயிருந்து அப்பா, "டேய், இங்கயாவது என்னை நிம்மதியா விடுடா. ஜன்னல் வழியா பின்லாந்துக்கா ஓடப் போறேன்?" இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, நீ ஜன்னல் பக்கம் போய் நில்லு" என்றான். நான் சிரித்துச் சிரித்து மாவுக் கிண்ணத்தைக் கீழே போட்டேன்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் பகல் முழுக்க வேலை, அதற்குமேல் இது. போன வாரம் சாப்பிடும்போதே தூங்கிவிட்டார். சபையில் வேறு யாரையாவது வாரம் ஒருநாள் மாற்றித் தருவார்களா என்று பிஷப்பிடம் கேட்டேன். "தகப்பனும் மகனுமா எவ்வளவு அழகா இருக்கு, அதைப் போய்க் கலைப்பானேன்?" என்றார். அழகாகத்தான் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு.

பீட்ரூட் முளைத்துவிட்டது. கால்வாயில் தண்ணீர் கரைவரை ஓடுகிறது.

அம்மா


ஓலு
2 ஜூலை 1992

அம்மா, அப்பா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூடக் கை வரவில்லை.

மிஷன் தலைவர் ஹெல்சிங்கியிலிருந்து ரயில் ஏறித் தானே வந்தார். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆர்லோ கால்வாயில் மூழ்கிவிட்டான் என்றார். இவ்வளவுதான் சொன்னார், அவருக்கும் இவ்வளவுதான் தெரியும். அம்மாவோடு தொலைபேசியில் பேசவிட்டார். அம்மா, நீங்கள் பேசியதைவிட நான் அழுததுதான் அதிகம், மன்னியுங்கள். அப்பாவிடம் கொடுங்கள் என்றேன். வயலில் இருக்கிறார் என்றீர்கள். அங்கே அப்போது விடிந்திருக்கவே இல்லையே, அம்மா?

திரும்பி வரவேண்டாம், இருந்து முடித்துவிட்டு வா என்றீர்கள். இங்கே எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள், ஊழியத்தில் இருப்பவன் சவ அடக்கத்துக்குப் போவதில்லை என்று. சரி, இருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அது எப்படி நடந்தது? அவன் தனியாக இருந்தானா? அப்பா பக்கத்தில் இருந்தாரா?

ஸ்பாக்மன் ஐந்து நாளாக விசிலடிக்கவில்லை.

கென்ட்


ஆல்டர் கிரீக்
24 ஜூலை 1992

என் மகனே,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

இன்று நம் சபையார் மேற்கே வந்து குடியேறியதைக் கொண்டாடும் முன்னோடிகள் நாள். தெருவில் ஊர்வலம் போகிறது, பொய்த்தாடி ஒட்டிய பையன்கள் கைவண்டி இழுக்கிறார்கள். நான் ஜன்னல் திரையைப் போட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

அடக்கம் நன்றாக நடந்தது. அடக்கத்துக்கு உடுத்தும் வெள்ளைக் கோவில் உடுப்பைத் தைத்துக் கொடுத்தவர் நம் சபையின் சகோதரி எர்மா. மடங்கிய இடது கையை நுழைக்கத் தோதாக அந்தப் பக்கச் சட்டைக்கையை அகலமாக வைத்திருந்தார். நானும் அவரும் அவனுக்கு உடுத்திவிட்டோம். பெயர்ப்பட்டையையும் வைத்தோம். முன்னூறு பேர் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவனோடு மூன்று வார்த்தை பேசாதவர்களெல்லாம் மேடையேறி, அவன் தேவதூதன் என்றார்கள். சகோதரி பெத் என் கையைப் பிடித்து, "ஆண்டவருக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷனரி தேவைப்பட்டது, லாரூ" என்றாள். உனக்குத்தான் நாலு பையன் இருக்கிறானே, அதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அவள் கொண்டுவந்த உருளைக்கிழங்குத் தட்டை வாங்கி வைத்தேன். இன்னும் ஒன்பது தட்டு குளிர்பெட்டியில் இருக்கிறது, சாப்பிட ஆள் இல்லை.

நீ கேட்டாய். கால்வாய்க்குக் குறுக்கே மதகுப் பலகை இருக்கிறது அல்லவா, அதில் நடக்கும்போது கால் வழுக்கிவிட்டது. நீரோட்டம் அதிகம். அப்பா அருகில்தான் இருந்தார்.

கவலைப்படாமல் உன் வேலையைப் பார். அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார். முடிந்தால் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அம்மா


ஓலு
6 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடல்நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். உங்களுக்கென்று தனியாக நான் எழுதும் முதல் கடிதம் இது. இப்படி ஒரு காரணத்துக்காக இருந்திருக்கவேண்டாம்.

அப்பா, இத்தனை வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது ஒரே கேள்விதான், அவன் தனியாகப் போனானா என்பது. நீங்கள் அருகில்தான் இருந்தீர்கள் என்று அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. காப்பாற்ற முடியவில்லையே என்று நீங்கள் உங்களை வருத்திக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். அந்த நீரோட்டத்தில் யாரால் முடியும்? அவன் கடைசியாகப் பார்த்தது உங்கள் முகத்தை, கேட்டது உங்கள் குரலை. ஒரு நிமிஷம்கூட அவனைவிட்டுப் பிரியாத துணை அவனுக்குக் கிடைத்தார். உலகத்தில் எத்தனை மிஷனரிக்கு அது வாய்க்கும்?

நான் ஊருக்கு வந்ததும் அந்தக் கால்வாய்க்கரையில் நாம் இருவரும் சேர்ந்து நிற்போம்.

உங்கள் மகன்,
கென்ட்


ஓலு
3 செப்டம்பர் 1992

அம்மாவுக்கு,

நலமா? நான் நலம். ஒரு மாதமாக வீட்டிலிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரரைக் கண்டால் படி இறங்கி ஓடுகிறேன், அவர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார். அப்பாவுக்கு என் கடிதம் கிடைத்ததா? என்ன சொன்னார்?

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். இங்கே கூட்டங்களில் ஆர்லோவைப் பற்றிப் பேசுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் பதில் சொல்லி, கடைசிவரை அவனைவிட்டுப் பிரியாமலிருந்த அப்பாவைப் பற்றியும் பேசுகிறேன். ஆண்டவரும் அப்படித்தான் என்று முடிப்பேன். போன வாரம் ஹில்க்கா என்ற அம்மாள், புருஷனைப் பறிகொடுத்தவர், கதவைப் பாதிக்குமேல் திறக்காதவர், கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆர்லோவின் ஊழியம் இங்கே பலன் கொடுக்கிறது, அம்மா. அப்பாவிடம் சொல்லுங்கள்.

பதில் போடுங்கள்.

கென்ட்


ஆல்டர் கிரீக்
14 செப்டம்பர் 1992

கென்ட்,

உடம்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கும். மற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நீ வேறு யார் கடிதத்திலாவது படிக்கக்கூடாது.

உன் கடிதத்தை அப்பா சாப்பாட்டு மேஜையில் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தட்டைக் கழுவினார். பிறகு வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார், சாயங்காலம்வரை இறங்கவில்லை. அதற்கப்புறம் ஞாயிறுகளில் சபைக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் பிஷப் வீட்டுக்கே வந்துவிட்டார். "ரூலன், ஆண்டவர் அவனை எடுத்துக்கிட்டார். அதை நாம ஏத்துக்கணும்" என்றார். அப்பா தலை நிமிர்ந்து, "ஆண்டவர் எடுக்கல, பிஷப். அவன் கூப்பிட்டான். நான் வாய மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்றார்.

எனக்கு இது நடந்த அன்றே தெரியும். உனக்கு எழுதிய 'அருகில்தான் இருந்தார்' பொய்யில்லை. அருகில்தான் இருந்தார்.

அன்று வெயில் அதிகம். காலையிலிருந்து குழாய் மாற்றிக் களைத்துப்போயிருந்தார். ஆர்லோ வரப்பில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மதகுப் பலகை வழியாக அந்தப் பக்கம் போய் பண்ணை லாரிக்குப் பின்னால் நிழலில் படுத்துக்கொண்டார். அந்தக் காலோடு இவன் பலகையில் ஏறமாட்டான் என்ற தைரியம். ஒரு பத்து நிமிஷம் யாரும் கூப்பிடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆர்லோ கூப்பிட்டான். "அப்பா, இருக்கியா?" பதில் சொன்னால் எழுந்து போகவேண்டும். கூப்பிட்டு ஓயட்டும் என்று பேசாமலிருந்தார். திரும்பவும் கூப்பிட்டான். அப்புறம் சத்தமில்லை. ஓய்ந்துவிட்டான் என்று நினைத்து, அந்த அமைதியில் நிம்மதியாகக் கண்ணை மூடினாராம். அந்த நிம்மதியைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை, கென்ட். மற்றதைக்கூடத் தாங்கிவிடுவார்.

நான் ஏன் மறைத்தேன்? அவருக்காக மட்டும் இல்லை. ஏப்ரலில் நீ வேடிக்கையாக எழுதியது உனக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். அதை நான்தான் உரக்க வாசித்தேன், தினமும். அவன் சிரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு வாசித்தேன். நீ பொறுப்பில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் நீ நம்பமாட்டாய் என்றும் தெரியும்.

இன்னொன்றும் கேள். துணி துவைக்கும் அறையைத் தாழிட்டுக்கொண்டு, இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நடித்துக்கொண்டு நான் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறேன்! அவன் "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பான். நீ வைக்கோல் பரணில் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொள்வாய். நாம் எல்லோரும் அவனிடமிருந்து ஒளிந்தவர்கள்தான். அப்பா ஒளிந்த அன்று நடுவில் கால்வாய் இருந்தது.

அவனைத் தேவதூதன் என்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேவதூதனாக இருந்தால் பறந்து போயிருப்பான். அவன் ஊழியன். இந்த ஊரில் ஒருவரும் கடைப்பிடிக்காத விதியை அவன் ஒருவன் கடைப்பிடித்தான்.

அப்பா உன் கடிதத்தை இன்னும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கக்கூடக் கொடுக்கமாட்டேன் என்கிறார். என்னோடு பேசுவதில்லை. பண்ணைக்குப் போகிறார், வருகிறார், உன் கட்டிலில் படுக்கிறார். அவர் துப்பாக்கியை நான் சகோதரி எர்மா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். இதற்குமேல் விளக்கமாக எழுதமாட்டேன். அவருக்கு எழுது. என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா


ஓலு
1 அக்டோபர் 1992

அப்பாவுக்கு,

அம்மாவின் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். முதலாவது நீங்கள் படிக்கக்கூடாதது. இரண்டாவதில் எல்லாம் மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன், அது பொய். எனக்குக் கோபம் ஆறவில்லை. அவன் இரண்டாம் முறை கூப்பிட்டதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. 'பின்னாலேயே போய்ப் பிடித்துவிடு' என்று எழுதிய என் கையைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஹில்க்கா அம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். நான் சொன்ன கதை தவறு, அப்பா பதில் சொல்லவில்லை என்றேன். அவர், "எனக்கு அந்தக் கதைதான் தம்பி வேணும், இது வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். ஞானஸ்நானத்துக்கு வரவில்லை.

ஸ்பாக்மனிடமும் சொன்னேன். அன்று முழுக்க நான் போன இடமெல்லாம் இரண்டடி தள்ளிப் பின்னாலேயே நடந்தான். முன்பெல்லாம் எரிச்சல் வரும். அன்று வரவில்லை.

என் இரண்டு வருஷ ஊழியம் முடிந்து அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐடஹோ ஃபால்ஸில் இறங்குகிறேன். பதாகை, பலூன், சபைக் கூட்டம் எதுவும் வேண்டாம். அன்று இரவு வட்டாரத் தலைவர் வீட்டுக்குப் போய், அவர் என் பெயர்ப்பட்டையைக் கழற்றச் சொல்லும்வரை நான் மிஷனரிதான், விதி எனக்கும் உண்டு. ஸ்பாக்மன் அரிசோனாவுக்குப் போய்விடுவான். விமான நிலையத்திலிருந்து தலைவர் வீடுவரை எனக்கு ஒரு துணை வேண்டும்.

நீங்கள் வாருங்கள், அப்பா. வழியில் பேசவேண்டாம். என்னோடு இருங்கள், போதும்.

கென்ட்


ஆல்டர் கிரீக்
11 அக்டோபர் 1992

கென்ட்,

கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன்.

கிழங்கு எடுப்பு நேற்று முடிந்தது. கால்வாயில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், இப்போது தரை தெரிகிறது. ஆழம் என் நெஞ்சளவுகூட வராது.

நான் வருகிறேன். வண்டியை நான் ஓட்டுகிறேன். ஆனால் அம்மாவும் வருவாள், நீ அவள் பக்கத்தில் உட்கார். தலைவர் வீட்டுக்குள்ளும் அவள்தான் உன்னோடு வருவாள். துணை என்று என் பேரைச் சொல்லாதே. என்னை நம்பி இனி யாரையும் விடவேண்டாம்.

நான் வாசலில் நிற்பேன். கூப்பிட்டால் பதில் சொல்வேன்.

அப்பா